டிரசரய்யா எழுதிய மூன்று வரி

படத்தில் ஒருத்தன் ஓடும் ரயிலில் இருந்து குதித்தால், முன் பெஞ்சில் இருந்து டிரசர் சத்தமாகச் சொல்வார்: "கணுக்கால் போச்சு." குதித்தவன் எழுந்து ஓடுவான். "ஓட மாட்டான்" என்பார். அவன் இன்னும் வேகமாக ஓடுவான். டிரசர் பெஞ்சில் ஓங்கிக் குத்துவார். பக்கத்தில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

அது பேசாத படக் காலம். ஈப்போ பட்டணத்தில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அமெரிக்காக்காரன் படம் ஓடும். அடிதடி, கத்திச் சண்டை, குத்துச்சண்டை, குதிரைப் பந்தயம். செமோருக்கு அப்பால், எங்கள் ஆட்கள் ஆத்தங்கரைத் தோட்டம் என்று சொல்லும் ரப்பர் தோட்டத்தில் அவர் டிரசர். முந்நூறு பேர் காயத்துக்கு மருந்து கட்டுவதும் காய்ச்சலுக்குக் கொய்னா கொடுப்பதும் அவர் வேலை. ஞாயிறு காலையில் சைக்கிளில் கோயிலுக்கு வந்து பூசை பார்ப்பார். அப்புறம் கொட்டகைக்குப் போய் இரண்டு மணி நேரம் கோபப்படுவார். அப்புறம் என்னிடம் வருவார்.

நான் அப்போது என் வாப்பாவின் ஜவுளிக்கடைக்குப் பின்னால் சின்ன அச்சகம் வைத்திருந்தேன். வாரம் ஒரு முறை நாலு பக்கப் பத்திரிகை. கப்பல் சேதி, ரப்பர் விலை, கல்யாண வாழ்த்து, கொட்டகை விளம்பரம். எழுதுவது, எழுத்துக் கோப்பது, மை தடவுவது எல்லாம் நானே.

முதல் நாள் அவர் வந்தது சண்டை போடத்தான். பத்திரிகையை என் மேசையில் வீசினார்.

"ரத்தம் உறையும் சண்டைன்னு விளம்பரம் போட்டிருக்கீங்க. நான் பார்த்தேன். ஒரு சொட்டு ரத்தம் இல்ல. உறைய எங்க இருக்கு ரத்தம்?"

"விளம்பரம் கொட்டகை முதலாளி தவுக்கே கொடுத்தது அண்ணே. நான் எழுதல."

"நீங்க போட்டீங்கல்ல?"

எனக்கும் கோபம் வந்தது. "உங்களுக்குப் பிடிக்கலைன்னா நீங்களே எழுதிக் குடுங்க, போடறேன்" என்றேன். நின்றபடியே ஒரு காகிதத்தை இழுத்து எழுதினார். அந்த வாரமே போட்டேன்.

"ரயில் படம். கதாநாயகன் ஓடும் வண்டியில் இருந்து மூன்று முறை விழுகிறான். மூன்று முறையும் எழுந்து தொப்பியைத் தேடுகிறான். எலும்பைத் தேடவில்லை."

அதற்குப் பிறகு வாராவாரம் எழுதினார். பெயர் போட வேண்டாம் என்றார். எந்தப் படமானாலும் மூன்று நாலு வரிதான். எனக்கு இன்னும் மனப்பாடமாக இருப்பவை சில:

"பத்து லட்சம் செலவில் எடுத்த படமாம். ஒரு பட்டணத்தையே கொளுத்துகிறார்கள். ஆயிரம் பேர் தீக்குள் ஓடி வருகிறார்கள், ஒருவன் கையிலும் கொப்புளம் இல்லை. பத்து லட்சத்தில் ஒரு கொப்புளம் வாங்க முடியவில்லை."

"கத்திச் சண்டை. ஒரே ஆள் முப்பது பேரைக் குத்துகிறான். சட்டை வெள்ளையாகவே இருக்கிறது. அவனுடைய வண்ணான் பெயரையாவது திரையில் போட்டிருக்கலாம்."

"ஓட்டப்பந்தயப் படம். ஏழைப் பையன் சப்பாத்து இல்லாமல் ஓடி ஜெயிக்கிறான். எங்கள் தோட்டத்தில் முந்நூறு பேர் தினம் விடியற்காலையில் சப்பாத்து இல்லாமல் ஓடுகிறார்கள். ஒருவரும் இதுவரை ஜெயிக்கவில்லை."

கடைத்தெருவில் ஒருத்தர் வாசிக்கப் பத்துப் பேர் கேட்பார்கள். தோட்டங்களில் இருந்து டிரசர் வரிக்காகவே பத்திரிகை வாங்க ஆள் அனுப்பினார்கள். தவுக்கே என்னிடம் வந்து, "அந்த டிரசர் கிலா லா. படத்துல நிஜமாவே காலு உடையணுமா?" என்று கேட்டார். கிலா என்றால் பைத்தியம். நான் டிரசரிடம் அதைச் சொன்னேன்.

"உடைய வேணாம்" என்றார். "உடைஞ்ச மாதிரி நடிக்கட்டும். விழுந்தா வலிக்கும்னு காட்டட்டும். என்கிட்ட வர்றவன்லாம் படம் பார்த்துட்டு வர்றான் தம்பி. மரத்துல இருந்து குதிச்சான், ஆசிட்ல கை விட்டான், ஏன்டான்னு கேட்டா சிரிக்கிறான். வலி வெக்கமாயிருச்சு இவனுங்களுக்கு."

வேடிக்கைக்காக அவர் எழுதவில்லை என்பது எனக்கு உறைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொட்டகையில் படம் உச்சத்தில் இருந்தது. மலை உச்சியில் இரண்டு பேர் கட்டிப் புரள்கிறார்கள். அந்த நேரம் பின்னால் ஒரு பெஞ்சு முறிந்து, உட்கார்ந்திருந்த லாரிக்காரர் தலை தூணில் மோதிப் பிளந்தது. டிரசர் எழுந்து இருட்டுக்குள் கத்தினார். "படத்தை நிறுத்து. எனக்கு வெளிச்சம் வேணும்."

ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். "வெளிய கொண்டு போய்த் தைங்கய்யா, படம் ஓடட்டும்" என்றான் ஒருத்தன். டிரசர் மெஷின் பக்கம் போய்த் தானே விளக்கைப் போட வைத்தார். லாரிக்காரரை முன்னால் கொண்டுவந்து, திரைக்கு நேர் கீழே உட்கார வைத்து, தன் தகர மருந்துப் பெட்டியைத் திறந்தார். ஊசியை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தார்.

"பாருங்க. இதுக்குத்தானே காசு குடுத்து வந்தீங்க" என்றார்.

ஏழு தையல். ஒவ்வொரு தையலுக்கும் லாரிக்காரர் அம்மா அம்மா என்று அழுதார். முடித்துக் கையைத் துடைத்துவிட்டு, "இப்ப போடுங்க உங்க படத்தை" என்று சொல்லிப் போய்விட்டார். பாதிப் பேர் அவர் பின்னாலேயே எழுந்து வெளியே வந்தார்கள்.

அவர் குணம் இதுதான். கோபக்காரர் என்று ஊரே சொல்லும், உண்மைதான். ஆனால் அந்தக் கோபம் ஒரே இடத்தில்தான் சுற்றும். அடிபட்டவனுக்கு வலிக்கும். இதை ஒத்துக்கொள்ளாத எவனையும் அவரால் பொறுக்க முடியாது, துரையாக இருந்தாலும் நானாக இருந்தாலும்.

குத்துச்சண்டைப் படம் ஒன்று வந்தது. மரம் வெட்டுகிறவன் ஒருத்தன் பட்டணத்துக்கு வந்து பெரிய பயில்வானை ஜெயிக்கிற கதை. டிரசர் எழுதினார்: "கடைசிச் சுற்றில் கதாநாயகன் நாற்பது குத்து வாங்குகிறான். எண்ணினேன். விழுகிறான், காதலியை நினைக்கிறான், எழுகிறான். விழுந்தவன் எழுவதற்குக் காதலி போதாது."

அவர் தோட்டத்துச் சின்னதுரைக்கு அந்தப் படம் பிடித்துப் போயிற்று. பெரிய துரை சீமைக்கு லீவில் போயிருந்தார். சின்னதுரை இளவட்டம், படிக்கிற காலத்தில் கையுறை போட்டுக் குத்துச்சண்டை போட்டவர். படப்பெட்டியையும் மெஷினையும் வாடகைக்கு எடுத்துத் தோட்டத்துக்கே கொண்டுபோய், பொழுது சாய்ந்ததும் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கொட்டகைச் சுவரில் வேட்டி கட்டி எல்லோருக்கும் காட்டினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துத் திடலில் நிஜமான குத்துச்சண்டை என்று அறிவித்தார். அந்தத் தோட்டத்துப் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிற மாரிமுத்துவுக்கும் பக்கத்துத் தோட்டத்து ஆள் ஒருத்தனுக்கும் போட்டி. ஜெயிக்கிறவனுக்குக் குடும்பத்தோடு ஊர் போய் வரக் கப்பல் சீட்டு.

பத்திரிகையில் வர வேண்டும் என்று எனக்கும் அழைப்பு வந்தது. போனேன்.

நாலு கம்பு நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். தொழிலாளர் லயத்து ஜனம் முழுக்கத் திடலில். மாரிமுத்து நல்ல உயரம், அகலமான தோள். சட்டையைக் கழற்றிவிட்டு நின்றான். அவன் மனைவி அஞ்சலை கைக்குழந்தையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். டிரசர் நேராக அவனிடம் போய் இடது விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்தினார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இங்க கையை வை."

வைத்தேன். தோலுக்கு அடியில் பச்சை மாங்காய் மாதிரி கெட்டியாக ஒன்று இருந்தது, தொப்புள் வரைக்கும்.

"மண்ணீரல். மலேரியா வந்து வந்து வீங்கியிருக்கு. இது மேல ஒரு குத்து விழுந்தா கிழிஞ்சிரும். உள்ளுக்குள்ளயே ரத்தம் ஓடிச் செத்துருவான்."

இதையே சின்னதுரையிடம் இங்கிலீஷில் சொன்னார். திடல் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். சின்னதுரை கிராணியைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். கணக்கு எழுதுகிற அந்தக் கிராணி எங்களுக்குத் தமிழில் சொன்னார்: "தோட்டத்துலயே பலசாலி அவன்தான்னு துரை சொல்றாரு. டிரசர் பொம்பள மாதிரி பயப்பட வேணாமாம்."

டிரசர் கயிற்றுக்குள் போய் நடுவில் நின்றார். "நான் நகர மாட்டேன்" என்றார். மாரிமுத்துதான் வந்து அவர் கையைப் பிடித்தான்.

"விடுங்க டிரசரய்யா. எங்கம்மா கண்ணு தெரியாம கிடக்கு. ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வாரேன்."

"செத்துப் போவடா."

"படத்துல அவன் எழுந்திரிச்சான்ல?"

டிரசர் அவனைப் பார்த்தபடி நின்றார். கங்காணிகள் இரண்டு பேர் அவரைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார்கள். நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மாங்காயைத் தொட்ட விரல்களை வேட்டியில் துடைத்தது ஞாபகம் இருக்கிறது.

மூன்றாம் சுற்று. பெரிய குத்துகூட இல்லை. எதிராளி தடுமாறிக் கையை வீசினான், அது இடப்பக்கம் பட்டது. மாரிமுத்து உடனே விழவில்லை. மெதுவாக உட்கார்ந்தான், சாப்பிட உட்காருகிற மாதிரி. "எந்திரிடா மாரி" என்று சனம் கத்தியது. சிரித்தார்கள். படத்தில் எழுந்தானே, இவனும் எழுவான் என்று காத்திருந்தார்கள். அஞ்சலையும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

டிரசர் கயிற்றைத் தாண்டி ஓடினார். சின்னதுரையின் மோட்டார் கார் பத்தடியில் நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போக அதைக் கேட்டார். முகத்தில் தண்ணீர் அடித்தால் போதும் என்றார் சின்னதுரை. மாட்டுவண்டியில் ஏற்றினோம். நான் காலைப் பிடித்துக்கொண்டேன், டிரசர் நாடியைப் பிடித்திருந்தார். அஞ்சலை தலைமாட்டில். மாரிமுத்துவின் உதடு முதலில் வெளுத்தது, அப்புறம் நகம். "தண்ணி" என்று மட்டும் கேட்டான். ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் பாதி வழி, ஜெலாப்பாங் வருவதற்கு முன்னால் டிரசர் கையை எடுத்துவிட்டார்.

மறுநாள் காலை அச்சகத்துக்கு வந்தார். அதற்குப் பிறகு தோட்டத்தில் நடந்ததைச் சொன்னார். மண்ணீரல் கிழிந்து சாவு, காரணம் குத்து என்று தோட்டத்துப் புத்தகத்தில் எழுதினாராம். கிராணி அந்தப் பக்கத்தையே கிழித்துவிட்டுக் காய்ச்சல் என்று எழுதியிருக்கிறார். பிறகு எப்போதும் போல நின்றபடியே எழுதிக் கொடுத்தார்.

"ஆத்தங்கரைத் தோட்டத்தில் குத்துச்சண்டை. மண்ணீரல் நோய் உள்ளவன் என்று நான் முன்பே சொல்லியும் சின்னதுரை அவனை இறக்கினார். மாரிமுத்து மூன்றாம் சுற்றில் விழுந்தான், எழவில்லை."

"அப்படியே போடு" என்றார்.

"போடறேன் அண்ணே" என்றேன்.

அவர் போன பிறகு வாப்பா அதை வாசித்தார். "தோட்டத்து சனத்துக்குத்தான் துணி விக்கிறோம். துரைங்களோட வம்பு எதுக்கு மவனே" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அவர் மேல் பழி போட எனக்கு உரிமை இல்லை. எழுத்துக் கோத்தது என் கை. தோட்டத்துப் பெயரை எடுத்தேன். சின்னதுரையை எடுத்தேன். மாரிமுத்துவின் பெயரை எடுத்தேன். மிஞ்சியதை அவருடைய படக் குறிப்பு வரும் வழக்கமான இடத்தில், வழக்கமான தலைப்பில் போட்டேன்:

"குத்துச்சண்டை. நோய் உள்ளவன் என்று முன்பே சொல்லியும் அவனை இறக்கினார்கள். மூன்றாம் சுற்றில் விழுந்தான், எழவில்லை."

பாதியாவது போட்டேனே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நேரத்து என்னை இன்றைக்கு நான் பார்த்தால் அறைவேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் அச்சகத்துக்குள் வந்தபோது கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"கொட்டகை வாசல்ல நாலு பேர் நிக்கிறாங்க" என்றார். "புது குத்துச்சண்டைப் படம் எப்ப வருதுன்னு தவுக்கேயக் கேக்கறாங்க. விழுந்தவன் எழுந்திரிக்காத படம். நல்லாருக்கும் போலன்னு சொல்றான் ஒருத்தன்."

அப்புறம் என் கையைப் பார்த்தார்.

"அவன் வயித்தத் தொட்டியே தம்பி. உன் கையால தொட்டியே."

அடுத்த இதழில் முழு மூன்று வரியையும் போட்டேன். என் மடத்தனத்தால் வெட்டினேன், மன்னிக்கவும் என்று கீழே சேர்த்தேன். அது ஊரெல்லாம் பரவியது. தோட்டங்களில் வாசித்தார்கள். அரசாங்கத்துக்கு விசாரணை வைக்க வேண்டிய கட்டாயம் வந்தது.

தோட்டத்து ஆபீசில் விசாரணை. வெள்ளைக்கார அதிகாரி நடுவில். சின்னதுரைக்கு ஒரு வக்கீல். டிரசர் நின்று எல்லாவற்றையும் சொன்னார். அஞ்சலையும் சொன்னாள், "சிரிச்சுக்கிட்டே பாத்துக்கிட்டு இருந்தேங்க" என்று. அப்புறம் வக்கீல் என்னைக் கூப்பிட்டார். இரண்டு பத்திரிகையையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இந்த டிரசர் உன் பத்திரிகையில் என்ன எழுதுவார்?"

"படத்தைப் பற்றி எழுதுவார்."

"முதல் வாரம் போட்டதில் தோட்டம் இல்லை, துரை இல்லை, செத்தவன் பெயர் இல்லை. ஜனங்கள் படம் என்றே நம்பினார்களா?"

"நம்பினாங்க. நான்தான் வெட்டினேன்."

"முதலில் வெட்டினாய். பிறகு சேர்த்தாய். அப்படித்தானே?"

நான் திடலில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். மாங்காயைச் சொன்னேன். அதிகாரி எழுதுவதை நிறுத்தி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். என் பேச்சுக்கு அதற்கு மேல் மதிப்பில்லை. கிழித்த பக்கம் கிடைக்கவில்லை. காய்ச்சல் என்ற வார்த்தைதான் புத்தகத்தில் இருந்தது. காய்ச்சலால் சாவு என்று முடித்தார்கள். சின்னதுரையை ஜோகூர் பக்கம் இன்னொரு தோட்டத்துக்கு மாற்றினார்கள், உயர்ந்த பதவிதான். டிரசரை வேலையை விட்டு எடுத்தார்கள். என் அச்சகத்துக்கு ஆறு மாசம் பூட்டு. அஞ்சலையும் குழந்தையும் அதே லயத்தில் இருந்தார்கள், வேறு எங்கே போவார்கள்.

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சின்னதுரை மேல் எனக்குக் கோபம், கிராணி மேல் கோபம், கண்ணாடி துடைத்தவர் மேல் கோபம். ஆனால் அந்த வக்கீல் கையில் இருந்த ஆயுதம் நான் செய்து கொடுத்தது. நான் முதல் வாரமே முழுசாகப் போட்டிருந்தால் அவர் மேசையில் ஒரே பத்திரிகைதான் இருந்திருக்கும்.

பூட்டு திறந்ததும் டிரசரைத் தேடிப் போனேன். சிலிம் ரிவர் என்ற ஊரில் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு அறை எடுத்து, சுற்றுத் தோட்டத்து ஆட்களுக்குக் காயம் கட்டிக்கொண்டிருந்தார். வாசலில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். நானும் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது.

"எங்க காயம்?" என்றார், நிமிர்ந்து பார்க்காமல்.

"பத்திரிகை மறுபடி வருது அண்ணே. நீங்க எழுதணும்."

இப்போது நிமிர்ந்தார். இளைத்திருந்தார். கோபம் மட்டும் இளைக்கவில்லை.

"நீ வெட்டுவ."

"வெட்ட மாட்டேன்."

"நம்ப மாட்டேன்" என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் நகராமல் ஓரமாக நின்றேன். மூன்று பேருக்குக் கட்டுப் போட்டார். கையைக் கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எழுதறேன். எழுத்துக் கோக்கும்போது பக்கத்துல நிப்பேன்."

வந்தார். சிலிம் ரிவரில் இருந்து ஈப்போவுக்கு ரயிலில், வாராவாரம், ஏறக்குறைய மூன்று வருஷம். கொட்டகைக்குப் போவார், எழுதுவார், தோட்டங்களில் அடிபட்டவர்களைப் பற்றியும் தோட்டத்துப் பெயரோடு எழுதுவார். நான் ஒவ்வொரு எழுத்தாக எடுத்து வைக்கும்போது என் தோளுக்குப் பின்னால் நிற்பார். அச்செழுத்து இடம் வலமாக மாறித்தான் இருக்கும், பழகாதவருக்கு ஒன்றும் புரியாது. அவர் அதை வாசிக்கக் கற்றுக்கொண்டார். விரலை வைத்து வரி வரியாகப் படித்து, கடைசிப் புள்ளி வரைக்கும் பார்த்து, அச்சுச் சட்டத்தை முடுக்கிய பிறகுதான் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்புவார். நான் ஒவ்வொரு வாரமும் தேத்தண்ணி கலக்கி வைப்பேன். அவர் ஒரு நாளும் அதைத் தொட்டதில்லை.